சரக்குக்கு வில்லை, பாட்டாளிக்குக் கணக்கு எங்கே?



சென்ற மாதம் சங்க வேலையாக இரண்டு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பூக்கடை, மளிகைக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை எல்லாவற்றிலும் கூட்டம். முஸ்தபா கடைக்குப் பக்கத்தில் லெம்பு ரோட்டுத் திடலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். ஓவர்டைம் முடித்து நேராக வந்தவர். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை என்றார். என்ன வேலை என்று கேட்டோம்.

"பெட்டியை எடுக்கிறது, அடுக்குறது, ஏத்துறதுதான்ணே. ஒவ்வொரு பெட்டியிலயும் டேக் ஒட்டியிருக்கும். கேட்டைத் தாண்டினாலே கம்ப்யூட்டர்ல ஏறிடும். ஆனா எண்ணெய் டின்னு, தண்ணி பாட்டில்னா சில நேரம் படிக்காது. அப்போ கையில மிஷினை எடுத்துக்கிட்டு ஒவ்வொன்னாக் காட்டிக்கிட்டு நிக்கணும். அந்த நேரமும் எங்க பேர்லதான் விழும். மாசக் கடைசியில ஏன் ஸ்லோன்னு கேப்பாங்க."

"அந்தக் கணக்கை உங்ககிட்ட காட்டுவாங்களா, தம்பி?"

"எங்களுக்கு எதுக்குண்ணே காட்டுறாங்க? அது ஆபீஸ் கணக்கு."

அது ஆபீஸ் கணக்கு! இந்த வார்த்தையை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம், இல்லையா?

எங்கள் தாயார் பால் வெட்டியவர். காண்டா வாளியைச் சுமந்து வந்து ஸ்டோரில் வரிசையில் நிற்பார். கிராணி பாலை நிறுப்பார், மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார், புத்தகத்தில் ஏதோ எழுதுவார். எழுதியதைத் திருப்பிக் காட்ட மாட்டார். லயத்து வீட்டுச் சுவரில் தினமும் கரித்துண்டால் கோடு போட்டுத் தன் கணக்கைத் தாயார் வைத்திருந்தார். சம்பள நாளில் சுவர்க் கணக்கும் செக்ரோல் கணக்கும் ஒத்துப்போனது குறைவு. கேட்டால், "அது ஆபீஸ் கணக்கும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பதுதான் பதில்.

பென்சிலும் புத்தகமும் போய் இப்போது சில்லும் கம்ப்யூட்டரும் வந்திருக்கின்றன. பதில் மட்டும் மாறவில்லை. அதனால்தான் இந்த வாரம் அந்த டேக் சங்கதியைப் பற்றி எழுத எண்ணினோம். "நமக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது.

வில்லை என்பது என்ன?

ஆர்.எஃப்.ஐ.டி. என்று ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்கிறார்கள். ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் வில்லை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். மணல் பருக்கை அளவில் ஒரு சில்லு, அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு ஆண்டெனா. சாதாரண வில்லைக்குள் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, "நான் இன்ன நம்பர்" என்று திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. கோடு கோடாக அச்சடித்த பார்கோடு என்றால் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக்கு நேரே காட்ட வேண்டும். வில்லைக்கு அது தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் நூறு சட்டை இருந்தாலும் சில நொடியில் எண்ணிவிடும்.

நம் ஊரில் நெடுஞ்சாலை டோலுக்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டுகிறார்களே, அதுவும் இந்தச் சாதிதான். 2022 ஜனவரியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதைத் திறந்தபோது கார்கள் வரிசையில் நின்ற கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வில்லைக்கு 35 வெள்ளி கொடுத்தது யார்? கார்க்காரர்தான். இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: செலவு யார் தலையில், லாபம் யார் பையில்?

ஐந்து காசுக் கனவு

1999-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையத்தில் ஆட்டோ ஐ.டி. சென்டர் என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். கெவின் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயரும், சஞ்சய் சர்மா என்ற இந்தியரும் அதில் முக்கியமானவர்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நம்பர் கொடுக்க வேண்டும், அதற்கு வில்லையின் விலை 5 அமெரிக்கக் காசுக்கு இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அன்றைக்கு ஒரு வில்லை அதைப்போலப் பல மடங்கு விலை.

2003-ல் அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. தனக்குச் சரக்குக் கொடுக்கும் பெரிய 100 கம்பெனிகளும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும் என்றது. வில்லைக்கான காசைச் சரக்குக் கொடுக்கிறவன் கொடுக்க வேண்டும், சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் லாபம் வால்மார்ட்டுக்கு. சரக்குக் கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒட்டு, அனுப்பு, அத்தோடு விடு என்று கடமைக்குச் செய்தார்கள். அந்தத் திட்டம் நினைத்தபடி ஓடவில்லை. பிறகு துணிமணியில் ஆரம்பித்து மெதுவாக மீண்டும் தலையெடுத்தது. 2022-ல் வீட்டுச் சாமான், விளையாட்டுச் சாமான் என்று வால்மார்ட் அதை விரித்தது.

இன்று மொத்தமாக வாங்கினால் சாதாரண வில்லை சில அமெரிக்கக் காசுக்குள் கிடைக்கிறது. ஐந்து காசுக் கனவு ஏறக்குறைய பலித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் வில்லை மட்டும் செலவல்ல. படிக்கும் கருவி, வாசலில் மாட்டும் ஆண்டெனா, கம்ப்யூட்டர், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள், எல்லாம் சேர்ந்துதான் செலவு. குதிரை வாங்கினால் போதுமா, கொள்ளும் வாங்க வேண்டாமா?

அதனால் எந்தச் சரக்கில் கட்டுபடியாகும் என்பதும் சுலபமான கணக்குத்தான். வில்லை 5 காசு என்று வைத்துக்கொள்வோம். 30 வெள்ளிச் சட்டைக்கு அது 600-ல் ஒரு பங்கு, யாருக்கும் உறைக்காது. 50 காசு மிட்டாய்ப் பாக்கெட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, கடைக்காரர் கும்பிடு போட்டுவிடுவார். தேக்கா மார்க்கெட்டில் வெங்காயத்துக்கும் மீனுக்கும் யாரும் வில்லை ஒட்டப் போவதில்லை.

சிங்கப்பூரில் கண்டது

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர். 1998-ல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் புத்தகங்களுக்கு இந்த வில்லையை ஒட்டினார்கள். பொது நூலகத்தில் இப்படிச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் என்கிறார்கள். பிறகு எல்லாப் பொது நூலகங்களுக்கும் அது வந்தது. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போனோம். ஒரு தமிழ் அம்மாள் பேரப்பிள்ளையோடு வந்து, தமிழ்ப் புத்தகங்களை அடுக்காகக் கருவி மேல் வைத்தார். ஒரே பார்வையில் அத்தனையும் பதிவாகிவிட்டது. வரிசையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. எத்தனை புத்தகம், எந்தத் தேதிக்குத் திருப்ப வேண்டும் என்ற சீட்டும் அவர் கைக்கு வந்தது. பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கென்ன கூச்சம்?

யூனிக்ளோ துணிக்கடையிலும் இதே வேலைதான். துணிகளைப் பெட்டிக்குள் போட்டால் விலை தானாகக் காட்டும். அங்கே கல்லாவில் நிற்கும் பிள்ளைகள் குறைவு. அந்த வில்லை அந்தக் கடையில் ஒட்டப்பட்டதில்லை. எங்கோ தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் மாட்டி அனுப்பிய வில்லை. சட்டை எந்த நாட்டில், எந்தக் கிடங்கில், எந்த அடுக்கில் இருந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். தைத்தவளுக்கு அன்றைக்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், வில்லைக்கு வாய் இருக்காது.

துறைமுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் வெட்டிய பாலெல்லாம் ஷீட்டாகிக் கட்டாகி, தோட்டத்து மார்க் அடிக்கப்பட்டு, சிங்கப்பூர் வழியாகவும் கப்பல் ஏறியிருக்கிறது. அந்தக் கட்டுகளைத் தூக்கி ஏற்றியவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர். 1972-ல் தஞ்சோங் பகாரில் முதல் கண்டெய்னர்க் கப்பல் வந்து நின்றது. அதற்குப்பின் தோளில் தூக்கிய வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. 2022-ல் துவாஸ் துறைமுகத்தைத் திறந்தார்கள். அங்கே ஆளில்லாத வண்டிகள் தரையில் பதித்த ரேடியோ வில்லைகளைப் படித்து வழி கண்டுபிடித்து ஓடுகின்றன. 2024-ல் சிங்கப்பூர் கையாண்ட கண்டெய்னர்கள் 4 கோடிக்கும் மேல். முதுகு ஒடியும் வேலை போனது நல்லதே. போன வேலைக்காரனுக்கு வேறு வேலை யார் கொடுத்தார்கள் என்று சங்கம் கேட்டாக வேண்டும்.

தோட்டத்துக்கு வந்தால் எங்கே கட்டுவார்கள்?

இனி நம் கதைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், செம்பனை எண்ணெய், கொக்கோ, காப்பி முதலியவற்றை அங்கே விற்கக் கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்ட வேண்டும் என்பது சட்டம். அமலுக்கு வரும் தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போனது. ஆனால் வாங்குகிறவர்கள் "சரக்கு எங்கே பிறந்தது?" என்று கேட்பது நிற்கப் போவதில்லை. சட்டம் வில்லை கட்டச் சொல்லவில்லை. கணக்கைத்தான் கேட்கிறது. கணக்கு வேண்டுமென்றால் நிர்வாகங்கள் கருவியைத் தேடும்.

தேடினால் எங்கே கட்டுவார்கள்? மங்கில் உறைந்த கட்டிப்பாலில் கட்ட முடியுமா? ஈரம் ரேடியோ அலையை விழுங்கும். லெம்பு ரோட்டுத் தம்பி தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொன்னது அதுதான். செம்பனைக் குலையிலும் ஈரம், எண்ணெய், முள். மில்லுக்குள் போனால் குலையோடு வில்லையும் வெந்துவிடும். இன்றைக்கும் குலைக் காம்பில் நம் நம்பரைக் கையால்தானே எழுதி வைக்கிறோம்? காசு செலவில்லாத வில்லை அது.

ஆக, சரக்கில் கட்ட முடியாததை வண்டியில் கட்டுவார்கள், தொட்டியில் கட்டுவார்கள், கடைசியில் ஆளின் கழுத்தில் கட்டுவார்கள். மரத்துக்கும் குலைக்கும் வந்த வில்லை மனுஷனுக்கு வந்து சேரும். பெரட்டில் பேர் கூப்பிடுவதற்குப் பதிலாக அட்டையைக் காட்டு என்பார்கள். நிறுவைத் தட்டில் அட்டையைத் தொட்டால் கிலோ தானாகப் பதிவாகும் என்பார்கள். அப்போது நாம் என்ன சொல்லப் போகிறோம்?

வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. நன்றாகக் கவனியுங்கள். நிறுவை தானாகப் பதிவானால் கிராணியின் பென்சில் நழுவாது. மண்டோருக்கு வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேச்சுக்கும் இடம் குறையும். எங்கள் தாயார் காலத்தில் அப்படி ஒரு கருவி இருந்து, அதிலிருந்து ஒரு சீட்டும் அவர் கைக்கு வந்திருந்தால், சுவரில் கரி பூசியிருக்க வேண்டியதில்லை. கருவி யாருக்கும் எதிரியல்ல. கணக்கு ஒரு பக்கமே இருப்பதுதான் வினை.

இரண்டு பாடங்கள்

இதற்குச் சிங்கப்பூரிலேயே இரண்டு பாடம் இருக்கிறது.

முதலாவது 2020. கொரோனா காலத்தில் தங்குவிடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள். யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க அவர்களில் பலருக்குச் சிறு கருவி கொடுத்தார்கள். பொதுமக்களுக்கு டிரேஸ்டுகெதர் என்ற கருவி. இவை ரேடியோ வில்லையல்ல, புளூடூத் வகை. ஆனாலும் பாடம் ஒன்றே. நோயைத் தடுக்க மட்டும்தான் இந்த விவரம் என்று முதலில் சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகப் போலீசும் அந்த விவரத்தை வாங்க முடியும் என்று பாராளுமன்றத்தில் தெரிவித்தார்கள். மக்களுக்கு மனக்கசப்பு ஏற்பட்டது. அடுத்த மாதமே, ஏழு வகைப் பெருங்குற்றங்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள். ஒரு காரியத்துக்கு எடுத்த கணக்கு இன்னொரு காரியத்துக்குப் போகும். வரம்பை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது 2024. சிங்கப்பூர் பஸ்ஸிலும் ரயிலிலும் மக்கள் தட்டும் ஈஸி லிங்க் அட்டை நம் வில்லைக்கு நெருங்கிய சொந்தம். பழைய அட்டைகளை நிறுத்தி, சிம்பிளிகோ என்ற புது முறைக்கு மாற வேண்டும் என்று அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தார்கள். புது முறையில் அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று வாசலிலேயே தெரியாது. கைபேசியில் போய்ப் பார்க்க வேண்டும். மக்கள் விடவில்லை. "என் காசு எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவழிக்க ஒப்புக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பஸ் கட்டணத்தின் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு நாடே கேட்டு வாங்கிக்கொண்டது. காலை இருட்டில் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க உழைத்த உழைப்பின் கணக்கைப் பார்க்க நாம் கேட்கக் கூடாதா?

நாம் கேட்க வேண்டியவை

தோட்டத்துக்கு அட்டையோ வில்லையோ வரும் அன்றைக்கு நிர்வாகத்திடம் இவற்றைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்று: வில்லையின் செலவு நிர்வாகத்துடையது. அட்டைக்கு இவ்வளவு, தொலைத்தால் இவ்வளவு என்று சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

இரண்டு: நிறுத்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, கிலோவும் குலை எண்ணிக்கையும் போட்ட சீட்டு தொழிலாளி கைக்கு வர வேண்டும். அவர் படிக்கக்கூடிய மொழியில் வர வேண்டும். தமிழருக்குத் தமிழில், வங்காளதேசத் தோழருக்கு அவர் மொழியில். கைபேசியில் பார்த்துக்கொள் என்பது பதிலாகாது.

மூன்று: கருவி படிக்காவிட்டால் அது கருவியின் குற்றம். மழையிலும் சேற்றிலும் எந்த மிஷினும் தடுமாறும். அன்றைக்குக் கையால் எழுதி, இரண்டு பேர் சாட்சி வைத்து, முழுக் கணக்கும் கொடுக்க வேண்டும்.

நான்கு: எதற்காக எடுக்கும் விவரம், யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது சங்கத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வில்லை நம் பின்னால் வரக் கூடாது.

ஐந்து: இதனால் வேலை போகிறவருக்கு வேறு வேலையும், அதற்கான பயிற்சியும் தர வேண்டும். மிச்சமாகும் பணத்தில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும்.

இது பேராசை அல்ல. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை மனிதனுக்குக் கொடுத்திருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறோம். அந்த ஐரோப்பியச் சட்டம் காட்டை மட்டும் பார்க்கவில்லை. சரக்கு விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்ததா என்றும், அதில் தொழிலாளர் உரிமை மதிக்கப்பட்டதா என்றும் கேட்கிறது. ஆகவே, "எந்த மரத்துப் பால்?" என்று கேட்கிறவர்களிடம் "எந்தச் சம்பளத்தில் வெட்டிய பால்?" என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழி நம் சங்கங்களுக்குத் திறந்திருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

வில்லை இன்னும் மலிவாகும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது, தடுக்கவும் வேண்டாம். மலிவாக ஆக அது அதிக இடங்களுக்கு வரும், நம் இடத்துக்கும் வரும். வந்தபின் கூச்சல் போடுவதைவிட வருமுன் பேசுவது புத்தி. அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் எடுத்துப் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் ஏற்கனவே அட்டை வந்துவிட்டது என்றால், நிறுக்கும் இடத்தில் என்ன காட்டுகிறார்கள், சீட்டுக் கொடுக்கிறார்களா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள்.

எழுதப் பழக்கமில்லாதவர்கள் கோடு போட்டு வையுங்கள். எங்கள் தாயார் அப்படித்தான் வைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளையடிக்கும்போது மற்றச் சுவரையெல்லாம் அடித்துவிட்டு, அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்வார்.